ஏணி, நுகத்தடி, ஏர்: ஆங்கில அணிகளுக்குப் பெயர் வந்த கதை

ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளிடம் பாடத்தில் எது கஷ்டம் என்று கேட்டால், பலர் ஷேக்ஸ்பியரைச் சொல்வதில்லை. மில்டனையும் சொல்வதில்லை. "மெட்டஃபர், மெட்டானிமி, சினெக்டக்கி, ஆக்சிமோரான் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதுதான் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது" என்கிறார்கள்.

பகலெல்லாம் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இரவில் தொலைநிலைக் கல்வியில் பட்டப் படிப்புப் படிக்கும் குமாஸ்தாக்களின் பாடும் இதுதான். பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். அதற்குரிய விளக்கத்தையும் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் ஒரு கவிதையைக் கொடுத்து, "இதில் என்ன அணி வந்திருக்கிறது?" என்று கேட்டால் திகைத்துப் போகிறார்கள்.

இந்தச் சொற்களைப் பெரிய படிப்பாளிகள் மற்றவர்களை மிரட்டுவதற்காகக் கண்டுபிடித்தவை என்று எண்ணுவதே இதற்கு முக்கியக் காரணம். உண்மை வேறு. இவற்றில் பெரும்பாலானவை ஏணி ஏறியவர்களும், ஏர் உழுதவர்களும், சுமை தூக்கியவர்களும் பேசிய சாதாரணச் சொற்கள். இந்தக் கலை பிறந்த இடமும் அரண்மனை அல்ல. பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் நின்ற நீதிமன்றம்.

நிலத்தை மீட்கப் பிறந்த கலை

இத்தாலியின் தெற்கு முனைக்கு அருகில் சிசிலித் தீவு இருக்கிறது. அங்கே சிரக்யூஸ் என்ற கிரேக்க நகரத்தைச் சர்வாதிகாரிகள் ஆண்டு வந்தார்கள். மக்களின் நிலங்களைப் பறித்துத் தங்கள் கூலிப்படையினருக்குக் கொடுத்தார்கள். கி.மு. 466 வாக்கில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. நிலத்தை இழந்தவர்கள் எல்லோரும் வழக்குப் போட்டார்கள்.

பலரிடம் பத்திரம் இல்லை. பழைய சாட்சிகள் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அக்காலத்தில் கிடையாது. தன் வழக்கைத் தானே எழுந்து நின்று பேச வேண்டும். பேசத் தெரிந்தவனுக்கு நிலம்; தெரியாதவனுக்கு ஒன்றும் இல்லை. அந்த நெருக்கடியில்தான் கோராக்ஸ், திசியாஸ் என்ற இருவர் பேச்சுக் கலைக்கு முதன்முதலாக விதிமுறைகளை எழுதினார்கள் என்று ரோமானிய அறிஞர் சிசரோ குறிப்பிட்டிருக்கிறார். பிற்காலத்தில் "ரெட்டரிக்" என்று பெயர் பெற்ற கலைக்கு இதுதான் பிறப்புக் கதை.

இந்த இருவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. திசியாஸ் கோராக்ஸிடம் பாடம் கற்றுக்கொண்டு கட்டணம் கொடுக்கவில்லையாம். குரு வழக்குப் போட்டார். சீடன் சொன்னான்: "நான் ஜெயித்தால் தீர்ப்பின்படி பணம் தர வேண்டியதில்லை. தோற்றால், இவர் எனக்குச் சரியாகக் கற்றுத் தரவில்லை என்று பொருள். அப்போதும் தர வேண்டியதில்லை." குருவும் விடவில்லை. அதே வாதத்தைத் திருப்பிப் போட்டார்: "நான் ஜெயித்தால் தீர்ப்பின்படி தர வேண்டும். தோற்றால், என்னையே வெல்லும் அளவுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். அப்போதும் தர வேண்டும்."

இப்படி இரு பக்கமும் நெருப்பு வைக்கும் வாதத்துக்கு "டைலமா" என்று பெயர். நம் ஊரில் இருதலைக் கொள்ளி எறும்பு என்கிறோம். நீதிபதிகள் வெறுத்துப் போய், கெட்ட காக்கை இட்ட கெட்ட முட்டை என்று சொல்லி இருவரையும் விரட்டினார்களாம். கோராக்ஸ் என்றால் கிரேக்கத்தில் காக்கை. ஒரு சொல்லில் இரண்டு பொருள் வைத்த அந்தக் கேலிக்கு ஆங்கிலத்தில் "பன்", தமிழில் சிலேடை.

ஒரு நாள் பென்ஷனுக்காக ஒரு பேச்சு

சிரக்யூஸிலிருந்து ஏதென்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று இருந்தது. கேடயம் செய்யும் பட்டறை நடத்திப் பிழைத்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் லிசியாஸ். வெளியூர்க்காரர் மகன் என்பதால் ஏதென்ஸில் அவருக்குக் குடியுரிமை இல்லை. கி.மு. 404ல் ஏதென்ஸில் முப்பது பேர் கொண்ட ஒரு கும்பல் ஆட்சியைப் பிடித்தபோது, அவர் சொத்தைப் பறித்தார்கள், அண்ணனைக் கொன்றார்கள். லிசியாஸ் தப்பி ஓடினார்.

அந்த ஆட்சி வீழ்ந்த பிறகு, பிறர் நீதிமன்றத்தில் பேச வேண்டிய பேச்சை எழுதிக் கொடுப்பதையே அவர் தொழிலாகக் கொண்டார். வந்தவர் விவசாயி என்றால் விவசாயி பேசுவதுபோல் எழுதுவார்; கடைக்காரர் என்றால் கடைக்காரர் போல். அலங்காரம் இருப்பதே தெரியாது.

அவர் எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் பேச்சுகளில் ஒன்று, கால் ஊனமான ஒரு கைத்தொழிலாளிக்காக எழுதப்பட்டது. ஏதென்ஸ் அரசு அப்படிப்பட்டவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ஓபல் என்ற சிறு காசு உதவித்தொகை கொடுத்தது. "இவன் குதிரை ஏறுகிறான், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பணத்தை நிறுத்துங்கள்" என்று யாரோ புகார் கொடுத்துவிட்டான்.

அந்தத் தொழிலாளி அழவில்லை. கெஞ்சவும் இல்லை. நடக்க முடியாததால்தான் இரவல் குதிரை ஏறுகிறேன் என்கிறார். எனக்கு ஊனமே இல்லை என்றால், நகரத்தின் மிக உயர்ந்த பதவிகளுக்கு நடக்கும் குலுக்கலில் என் பெயரையும் சேர்க்கலாமே என்று கேட்கிறார். எதிராளியின் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதுபோல் ஏற்று, அது எவ்வளவு அபத்தமான இடத்தில் போய் முடிகிறது என்று காட்டுகிறார். ஐரனி என்ற அணி இங்கே வேலை செய்கிறது. ஒரு ஏழையின் ஒரு நாள் காசைக் காப்பாற்ற அது வந்து நிற்கிறது.

அணிகள் என்றால் கவிதைக்குப் போடும் நகை என்று நினைப்பவர்கள் இந்தப் பேச்சைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

சுமை தூக்கிய சொற்கள்

இனி அந்த மிரட்டும் பெயர்களைப் பார்ப்போம்.

மெட்டஃபர் என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் "ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்லுதல்" என்று பொருள். இன்றைக்கும் ஏதென்ஸ் தெருக்களில் வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் லாரிகளில் "மெட்டஃபோரெஸ்" என்று எழுதியிருப்பார்கள். சாமான் போக்குவரத்து என்று அர்த்தம்! "கடன் கயிறு போலக் கழுத்தை இறுக்குகிறது" என்றால் சிமிலி, அதாவது உவமை. "கடன் கழுத்தை நெரிக்கிறது" என்றால் மெட்டஃபர், அதாவது உருவகம். கழுத்தை நெரிக்கும் கையின் செயலை எடுத்துக்கொண்டு வந்து கடனின் மேல் இறக்கியாயிற்று. லாரி வேலைதான்.

கிளைமாக்ஸ் என்றால் நமக்கு சினிமாவின் கடைசிச் சண்டைதான் ஞாபகம் வரும். கிரேக்கத்தில் அதற்கு ஏணி என்று பொருள். "தெரு பேசியது, ஊர் பேசியது, நாடே பேசியது" என்று ஒவ்வொரு படியாக ஏறுவதே அந்த அணி. உச்சிப் படிக்கு மட்டும் அந்தப் பெயர் வந்தது பிற்காலத்தில்தான்.

ஸ்யூக்மா என்றால் நுகத்தடி. ஒரே நுகத்தில் இரண்டு மாடுகளைப் பூட்டுவதுபோல், ஒரே வினைச்சொல்லில் பொருந்தாத இரண்டைப் பூட்டுவது. "அவர் ஒரே நாளில் வேலையையும் பொறுமையையும் இழந்தார்" என்பதில் "இழந்தார்" என்பது நுகத்தடி. ஒரு பக்கம் வேலை என்ற மாடு, மறு பக்கம் பொறுமை என்ற மாடு.

ஹைப்பர்போலி என்றால் எல்லை தாண்டி எறிதல். "ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன்" என்று அம்மா கோபிக்கும்போது கல் எல்லை தாண்டிப் போய்விடுகிறது. தமிழில் உயர்வு நவிற்சி என்கிறோம்.

சர்க்காசம் என்ற சொல், சதையைப் பிய்த்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மேலதிகாரியின் குத்தல் பேச்சைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆக்சிமோரான் என்ற பெயரே வேடிக்கையானது. கூர்மை, மழுங்கல் என்ற இரண்டு எதிர்ச் சொற்களை ஒட்டி வைத்தது அது. பெயரே தனக்கு உதாரணம். தமிழில் "நடைப்பிணம்" என்கிறோமே, அது நல்ல ஆக்சிமோரான். நடப்பது பிணமாக இருக்க முடியாது. ஆனால் கேட்டவுடன் பொருள் விளங்குகிறது.

கவிதையைக் குறிக்கும் "வெர்ஸ்" லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. திரும்புதல் என்று பொருள். உழவன் வயலின் கோடி வரை உழுதுவிட்டு ஏரைத் திருப்பி அடுத்த சாலை ஓட்டுகிறானே, அதே சொல்தான். கவிஞன் வரியின் கோடிக்குப் போய் அடுத்த வரிக்குத் திரும்புகிறான். உரைநடையைக் குறிக்கும் "புரோஸ்" என்பதற்கு நேராகப் போவது என்று பொருள். அதற்குத் திருப்பம் இல்லை. கவிதையின் பகுதியான "ஸ்டான்சா" இத்தாலிய மொழியில் அறை. "டெக்ஸ்ட்" என்றால் நெய்யப்பட்டது. தறிக்காரரின் சொல் அது. தமிழிலும் புத்தகத்துக்கு "நூல்" என்றுதானே பெயர்!

துன்பியல் நாடகத்தில் கதாநாயகனின் பிழையை அரிஸ்டாட்டில் "ஹமார்ஷியா" என்றார். அதைப் "பாவம்" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு. வில்லாளியின் அம்பு குறி தவறியதற்கும் கிரேக்கர்கள் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். குறி வைத்தான், தவறிவிட்டது. இவ்வளவு தெரிந்தால் ஈடிபஸ் மன்னன் ஏன் கெட்டவன் அல்ல என்பதும் விளங்கிவிடும்.

ஆங்கிலத்தில் ஒரு முயற்சி

கிரேக்கப் பெயர்களைக் கண்டு ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் மிரண்டவர்கள்தான். 1589ல் லண்டனில், எழுதியவர் பெயர் இல்லாமல், ஆங்கிலக் கவிதைக் கலை பற்றி ஒரு புத்தகம் வந்தது. ஜார்ஜ் புட்டன்ஹாம் எழுதியது என்று கருதப்படுகிறது. எல்லா அணிகளுக்கும் அவர் வீட்டுப் பெயர் சூட்டினார். மெட்டஃபருக்குப் போக்குவரத்து அணி. ஐரனிக்கு உலர்ந்த கேலி. சர்க்காசத்துக்குக் கசப்புக் குத்தல். ஹைப்பர்போலிக்கு உரத்த பொய்யன். ஒரே சொல்லை அடுத்தடுத்துச் சொல்லும் அணிக்குக் குயில் கூவல்!

இந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை. பள்ளிக்கூடங்களில் லத்தீன்தான் ராஜ்யம் செய்தது. ஆனால் அவர் போன வழி நல்ல வழி. சொல்லைத் தன் தாய்மொழியில் போட்டுப் பார்த்தால்தான் அது கைக்கு அடங்கும்.

அதே காலத்தில் கையுறை தைத்து விற்ற ஒருவரின் மகன் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர்ப் பள்ளியில் இந்த அணிகளை லத்தீனில் படித்ததாகக் கருதப்படுகிறது. அவர்தான் ஷேக்ஸ்பியர். பட்டியலாகப் படித்ததை அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரே ஒரு காட்சி போதும்.

ஒரு பேச்சும் ஒரு கொலையும்

1599ஐ ஒட்டி எழுதப்பட்ட "ஜூலியஸ் சீசர்" நாடகம். சீசரைக் கொன்றுவிட்டார்கள். கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ், சீசரின் நண்பன் ஆண்டனி இறுதி மரியாதை செய்து பேசலாம் என்று அனுமதிக்கிறான். எங்களைக் குறை சொல்லக் கூடாது என்பது நிபந்தனை.

ஆண்டனி நிபந்தனையை மீறவில்லை. புரூட்டஸை ஒவ்வொரு முறையும் மரியாதைக்குரியவர் என்றே சொல்கிறான். ஒரு முறை சொன்னால் அது பாராட்டு. இடையிடையே சீசர் செய்த நன்மைகளைச் சொல்லிவிட்டு, மறுபடியும் அதையே சொல்லும்போது கூட்டத்துக்குச் சந்தேகம் வருகிறது. நாலைந்து முறை ஆன பிறகு அதே சொல் வசவாக மாறிவிடுகிறது. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது. இதுதான் ஐரனி. தமிழ் இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி.

அடுத்து, சீசரின் உயில் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறான். ஆனால் படிக்க மாட்டேன், படித்தால் நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்கிறான். சொல்ல மாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிடும் இந்தத் தந்திரத்துக்குப் "பாராலிப்சிஸ்" என்று பெயர். "அந்த ஆள் செய்த காரியத்தை என் வாயால் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பிக்கும் பேச்சைக் கேட்காதவர் யார்?

கூட்டம் கொதித்து எழுகிறது. தெருவில் சின்னா என்ற ஒரு கவிஞர் வருகிறார். கொலைகாரர்களில் ஒருவனுக்கும் சின்னா என்று பெயர். தான் அவன் இல்லை, கவிஞன் என்று அவர் கதறியும் கூட்டம் அவரைத் தாக்குகிறது. பெயர் ஒன்றாக இருந்ததே குற்றம்!

அணிகள் எவ்வளவு வலிமையானவை, கேட்பவனுக்கு அவற்றை அடையாளம் காணத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஷேக்ஸ்பியர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆண்டனியின் தந்திரத்துக்குப் பெயர் தெரிந்த ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், கல்லை எடுக்கும் முன் கொஞ்சம் யோசித்திருப்பான்.

"கைகள்" என்று அழைக்கப்பட்டவர்கள்

மாணவர்களை அதிகம் குழப்பும் ஜோடி மெட்டானிமியும் சினெக்டக்கியும். இரண்டும் ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைப்பவை. தமிழில் இரண்டுக்கும் சேர்த்தே ஆகுபெயர் என்கிறோம்.

தொடர்புள்ள பொருளின் பெயரைச் சொன்னால் மெட்டானிமி. "டெல்லி சம்மதிக்கவில்லை" என்றால் அங்கிருக்கும் மத்திய அரசு சம்மதிக்கவில்லை. "ரெண்டு கப் குடித்தேன்" என்றால் கப்பை அல்ல, காப்பியை. பகுதியைச் சொல்லி முழுவதைக் குறித்தால் சினெக்டக்கி. "தலைக்கு நூறு ரூபாய்" என்றால் ஆளுக்கு நூறு ரூபாய். பள்ளிக்கூட இலக்கணத்தில் இதைச் சினையாகுபெயர் என்று படித்திருப்போம்.

விஷயம் இத்தோடு முடியவில்லை. ஆங்கிலத்தில் ஆலைத் தொழிலாளியை "கை" என்று சொல்வார்கள். நூறு கைகள் வேலை செய்கின்றன என்றால் நூறு தொழிலாளிகள். சார்லஸ் டிக்கன்ஸ் 1854ல் எழுதிய "ஹார்டு டைம்ஸ்" நாவலில் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். புகை மண்டிய ஓர் ஆலை நகரம். அங்கே விசைத்தறியில் வேலை செய்யும் ஸ்டீபன் பிளாக்பூல் என்ற தொழிலாளி. முதலாளி பவுண்டர்பியின் கண்ணுக்கு அவர் ஒரு கை, அவ்வளவுதான். கைக்கு வயிறு கிடையாது. கைக்குக் குடும்பக் கவலை கிடையாது. கடவுள் இவர்களை வெறும் கைகளாகவோ, கையும் வயிறும் மட்டும் உள்ள கடற்கரைப் பிராணிகளாகவோ படைத்திருந்தால் சிலருக்கு இன்னும் பிடித்திருக்கும் என்று டிக்கன்ஸ் கிண்டல் செய்கிறார்.

தொழிலாளி ஏதாவது கேட்டால், தங்கக் கரண்டியில் ராஜ விருந்து கேட்கிறான் என்பது அந்த முதலாளியின் நிரந்தரப் பேச்சு. அது ஹைப்பர்போலி. நியாயமான கோரிக்கையை எல்லை தாண்டி எறிந்து கேலிக்கூத்தாக்குவது.

ஆக, தேர்வில் "கை என்பது சினெக்டக்கி" என்று எழுதுவது பாதி விடைதான். முழு மனிதனைப் பகுதியாக்கிப் பேசினால், அவனுக்குக் கொடுக்க வேண்டியதையும் பகுதியாக்கிவிடலாம் என்று எழுதுவதுதான் மீதிப் பாதி. சொந்த ஊரை விட்டு வந்து வேலை பார்க்கும் தகப்பன் வீட்டில் இருந்தால், அந்த மீதிப் பாதியை அவரே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

சர்க்கரை தடவிய சொற்கள்

யூஃபமிசம் என்றால் நல்லதாகப் பேசுதல். நாம் ஊரிலிருந்து ரயிலுக்குக் கிளம்பும்போது "போகிறேன்" என்பதில்லை. "போய் வருகிறேன்" என்கிறோம். விளக்கை அணை என்று சொல்லாமல் "விளக்கை அமர்த்து" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். தமிழ் இலக்கணம் இதை மங்கல வழக்கு என்று மதிக்கிறது. இதில் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் இதே அணி அலுவலகக் காகிதத்தில் ஏறும்போது கவனமாக இருக்க வேண்டும். கட்டண உயர்வு "கட்டணத் திருத்தம்" ஆகிறது. ஆள் குறைப்பு "மறுசீரமைப்பு" ஆகிறது. பிகாரிலுள்ள மோதிஹாரியில் 1903ல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், அரசியல் கொடுமைகளை மறைக்க இப்படிப்பட்ட சொற்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று காட்டினார். அதற்கு முந்திய ஆண்டு வந்த அவருடைய "அனிமல் ஃபார்ம்" கதையில், மிருகங்களின் தீனியைக் குறைக்கும்போது அதைக் குறைப்பு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். வேறு ஒரு நாகரிகமான சொல் வைத்திருப்பார்கள். வயிறு காய்வது என்னவோ அப்படியேதான் இருக்கும்.

தமிழ் இலக்கணம் கை கொடுக்கும்

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்தப் பாடத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே உவமவியல் என்ற ஓர் இயல் இருக்கிறது. வடமொழியில் தண்டி எழுதிய காவியாதரிசத்தைத் தழுவித் தமிழில் வந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம், பன் என்றால் சிலேடை என்று தயங்காமல் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சில இடங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஆங்கில யாப்பில் "ஃபுட்", அதாவது அடி, என்பது நம் அடி அல்ல. நமக்கு அடி என்றால் ஒரு முழு வரி. ஆங்கிலத்தில் அது வரியின் ஒரு துண்டு. ஏறக்குறைய நம் சீரைப் போன்றது. ஷேக்ஸ்பியர் அதிகம் பயன்படுத்திய ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்பது இப்படிப்பட்ட ஐந்து துண்டுகள் கொண்ட ஒரு வரி. ஒவ்வொரு துண்டிலும் முதலில் மெல்லிய அசை, பிறகு அழுத்தமான அசை. நம் யாப்பு அசையின் நெடில் குறிலை எண்ணும். ஆங்கில யாப்பு அழுத்தத்தை எண்ணும்.

இன்னொரு வித்தியாசம் சுவையானது. இயற்கையில் தானாக நடப்பதற்குக் கவிஞன் தன் மன உணர்ச்சியை ஏற்றிச் சொல்வதைத் தமிழில் தற்குறிப்பேற்ற அணி என்கிறோம். மதுரைக் கோட்டையின் கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனை வரவேண்டாம் என்று தடுப்பதாக இளங்கோ பாடியது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். ஏறக்குறைய இதே காரியத்துக்கு ஆங்கில விமர்சகர் ஜான் ரஸ்கின் 1856ல் "பெத்தெடிக் ஃபேலஸி" என்று பெயர் வைத்தார். ஃபேலஸி என்றால் பிழை. உணர்ச்சி வேகத்தில் கவிஞன் உலகத்தைத் தவறாகப் பார்க்கிறான் என்பது அவர் கட்சி. நாம் அணி என்று மெச்சியதை அவர் பிழை என்றார். தேர்வில் இந்த வேறுபாட்டை இரண்டு வரி எழுதும் மாணவனை, சொந்தமாகச் சிந்திப்பவன் என்று திருத்துபவர் உடனே கண்டுகொள்வார்.

எப்படிப் படிப்பது?

இலக்கியச் சொற்களுக்கு நல்ல கையேடுகள் இருக்கின்றன. எம்.எச். ஏப்ரம்ஸின் கையேடு 1957 முதல் பல பதிப்புகள் கண்டது. ஜே.ஏ. கடனின் பெரிய அகராதி 1977ல் வந்தது. நூலகத்தில் கிடைத்தால் இரண்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அகர வரிசையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது வீண் வேலை. குடும்பம் குடும்பமாகப் படிப்பதுதான் சுலபம்.

ஒப்பிடும் குடும்பத்தில் சிமிலி, மெட்டஃபர், உயிரில்லாததை ஆளாகப் பேசும் பர்சானிஃபிகேஷன், கதை முழுவதையும் உருவகமாக்கும் அலிகரி ஆகியவை வரும். பெயர் மாற்றும் குடும்பத்தில் மெட்டானிமியும் சினெக்டக்கியும். முரண் குடும்பத்தில் ஐரனி, பாரடாக்ஸ், ஆக்சிமோரான், ஆண்டிதிசிஸ். அடுக்கும் குடும்பத்தில் கிளைமாக்ஸ், தொடக்கச் சொல்லையே திரும்பச் சொல்லும் அனாஃபரா, அந்தாதி போல முடிந்த சொல்லில் தொடங்கும் அனடிப்ளோசிஸ். ஓசைக் குடும்பத்தில், மெய்யெழுத்து ஒலி திரும்ப வரும் அலிட்டரேஷன், உயிரெழுத்து ஒலி திரும்ப வரும் அசோனன்ஸ், சடசட, கடகட போன்ற ஒலிக்குறிப்பான ஒனமட்டோப்பியா. கூட்டிக் குறைக்கும் குடும்பத்தில் ஹைப்பர்போலி, யூஃபமிசம், "சாப்பாடு மோசமில்லை" என்று மறுத்துப் பாராட்டும் லிட்டோடீஸ்.

இவ்வளவும் இருபது சொல்லுக்குள்தான். கேள்வித்தாளில் அதிகம் வருவதும் இவையே.

ஒரு கவிதையோ வசனமோ எதிரில் வந்தால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதற்குப் பெயர் என்ன? எந்தச் சொல்லில் இருக்கிறது? அது இல்லாமல் நேராகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? முதல் கேள்விக்கு விடை எழுதுபவர்கள் நிறையப் பேர். மூன்றாவது கேள்விக்கு விடை எழுதுபவர் குறைவு. மதிப்பெண் இருப்பது மூன்றாவதில்.

பழகுவதற்குக் கவிதைப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. கடை விளம்பரம், தேர்தல் பேச்சு, அலுவலகச் சுற்றறிக்கை, வீட்டுச் சண்டை எதுவானாலும் போதும். இன்று வந்த சுற்றறிக்கையில் எங்கே யூஃபமிசம் ஒளிந்திருக்கிறது, மேடைப் பேச்சாளர் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு ஏறினார் என்று தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஒரு மாதம் தேடிப் பார்க்கட்டும். பாடத்துக்குப் பாடமும் ஆயிற்று. இனிமேல் யாராவது இனிப்பாகப் பேசிக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், ஒரு தடவை நிறுத்திப் படித்துப் பார்க்கும் பழக்கமும் ஆயிற்று.